கற்பூரம் குடிக்காத சக்கரம்

பதுளைக்கு ரயில் வரப்போகிறது என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள், இன்னும் வந்தபாடில்லை. அதற்குள் ரப்பர் சக்கரம் வந்துவிட்டது. போன மாதம் பதுளைக் கடைத்தெருவில் ஆணி வாங்கப் போனேன். ஹல்துமுல்லைப் பக்கத்து டீமேக்கர் ஒருவர் படம் போட்ட விலைப்புத்தகத்தைக் கடைக்காரர் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். அவர் பொறுப்பிலிருக்கும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து ஏற்றும் தள்ளுவண்டிகளுக்குப் புதுச் சக்கரம் வாங்க வேண்டுமாம். இரும்பு வட்டத்தைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் ஒன்றின் படத்தில் விரலை வைத்திருந்தார். ஈரத் தரைக்கு இதைவிட உசத்தி கிடையாது என்று கீழே அச்சடித்திருந்தது.

யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன். அது என் வியாதி. "புளிக்க வைக்கிற அறைக்கு மட்டும் இத வாங்காதீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "ஒங்க பித்தளச் சக்கரக் கதைய நானும் கேட்டிருக்கேன் முத்துசாமியண்ணே. அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஒலகமே ரப்பர்லதான் ஓடுது. காரணம் இருந்தா எழுதிக் குடுங்க, பார்ப்போம்."

எழுதச் சொன்னால் கிழவன் பின்வாங்கிவிடுவான் என்று நினைத்தார் போலிருக்கிறது. நானும் நாலெழுத்துப் படித்தவன்தான். இதோ எழுதுகிறேன். என் பக்கத்துப் பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோப்பிச் செடியில் நோய் விழுந்து துரைமார் தேயிலைக்கு மாறிய காலத்தில் நான் பதுளையில் ஒரு மாட்டுவண்டிப் பட்டறையில் வேலை பழகினேன். பட்டை அடிக்க, ஆரக்கால் செதுக்க, அச்சு கடைய ஏழெட்டு வருஷத்தில் கை வந்துவிட்டது. பிறகு மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டர் வேலை. தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்டோரைப் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடியில் வாட்டிய கொழுந்து கீழே உருட்டு மெஷினுக்கு வரும். அங்கே நசுங்கிச் சாறு விட்ட கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, தள்ளுவண்டியில் ஏற்றி, புளிக்க வைக்கும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அறை எப்போதும் ஈரமாக இருக்கும். சீமெந்துத் தரையில் தண்ணீர் நிற்கும். சுவரோரம் நனைத்த சாக்குகள் தொங்கும். அங்கே சில மணி நேரம் கிடந்துதான் பச்சை இலை செம்பு நிறமாகும். அந்த நேரத்தில் இலைக்குப் பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் அதை இழுத்துக்கொள்ளும். வெங்காயம் தின்றவனை உள்ளே விடமாட்டோம்.

இதைப்போல ஓர் இடத்துக்குச் சக்கரம் தேர்ந்தெடுப்பது சின்ன வேலை இல்லை. வண்டிக்கு நாலு சக்கரம். பின்னால் இரண்டும் நேராக ஓடும். முன்னால் இரண்டும் எந்தப் பக்கமும் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மேசைகளுக்கு நடுவே வண்டி வளையாது. எங்களுக்கு முதலில் வந்தவை வார்ப்பிரும்புச் சக்கரங்கள். மூன்றே மாதத்தில் துரு பிடித்து, போகிற வழியெல்லாம் வெற்றிலை துப்பியது போலச் சிவப்புக் கோடு போட்டன. துருத் தண்ணீர் தெறித்த இலை கறுத்தது. அச்சுக்குக் கொழுப்பு தடவினால் சக்கரம் சுற்றியது, ஆனால் இலையில் கொழுப்பு வாடை ஏறியது. தடவாவிட்டால் முன்சக்கரம் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது.

திரும்ப மறுத்த வண்டியைத் திருப்பியவன் சடையன். அந்த அறையில் வண்டி தள்ளுவது அவன் வேலை. ஒவ்வொரு மூலையிலும் இடது முழங்காலை வண்டியின் அடிச்சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து நெம்புவான். இரண்டு வருஷத்தில் அந்த முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. வேலை விட்டதும் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தேய்த்துக்கொள்வான். இந்தக் கற்பூரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தை நடத்திய வெள்ளைத் துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கத்துகிறவர் இல்லை. கை நீட்டுகிறவரும் இல்லை. காலை பெரட்டில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பி முடிந்ததும் நேராக ஸ்டோருக்கு வருவார். வாசலில் பூட்ஸின் அடியைக் கோணியில் பன்னிரண்டு தரம் தேய்ப்பார். நான் எண்ணியிருக்கிறேன், கூடவும் குறையவும் செய்யாது. பிறகு வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு தட்டின் அடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடுத்து ருசி பார்க்கும் மேசை. வரிசையாகக் கோப்பை, கரண்டியால் அள்ளி, சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் புரட்டி, எச்சில் பானையில் துப்புவார். அந்த நாக்கு பொய் சொல்லாது. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் ஆள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். பேசும்போது நம் கையைப் பார்ப்பார், அல்லது நமக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். ஒருவனைத் தோட்டத்தை விட்டு அனுப்புவதென்றால் பத்துச்சீட்டில் பெயர் எழுதி நீட்டுவார். அப்போதும் சுவரைத்தான் பார்ப்பார்.

இரும்பு சரிப்படவில்லை என்றதும் நான் பலாமரத்தில் சக்கரம் கடைந்தேன். என் யோசனைதான். வண்டிப் பட்டறையில் வளர்ந்த கை, மரம் என்றால் தானாக நீளும். துருவும் இல்லை, சத்தமும் இல்லை. ஈரத்தில் ஊறி அச்சு வழுக்கிக்கொண்டு ஓடியது. சடையன் ஒரு விரலால் வண்டியைத் திருப்பிக் காட்டினான். துரை என் கைகளைப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்து மேட்டில் ஏறும்போது அம்மன் வரும் சப்பரத்தின் அச்சு முறிந்தது. அம்மன் பாதி வழியில் நிற்கிறாள். எட்டு லயத்து வாசலிலும் பெண்கள் தட்டோடு காத்திருக்கிறார்கள். துரை பதுளைக்குப் போயிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சடையனின் மனைவி செல்லாயி, வயிற்றில் எட்டு மாதம், "அண்ணே, அம்மா தெருவுல நிக்குது" என்றாள். அதற்கு மேல் யார் என்ன சொல்ல வேண்டும்? ஸ்டோரைத் திறந்து தள்ளுவண்டியை எடுத்து வந்தேன்.

அம்மன் எட்டு லயமும் போனாள். ஒவ்வொரு வாசலிலும் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். விளக்கெண்ணெய் வழிந்தது, சக்கரத்துக்கு முன்னால் கட்டி கட்டியாகக் கற்பூரம் கொளுத்தினார்கள், உருகியது எல்லாம் சக்கரத்தில் ஏறியது. முடிந்ததும் நானும் சடையனும் வண்டியைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் வைத்து மூன்று தரம் கழுவினோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வண்டி ஸ்டோருக்குள் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தேயிலையில் மருந்து வாடை அடிக்கிறது என்று. துரை புளிக்க வைக்கும் அறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்போது சடையன் வண்டியோடு அவரைக் கடந்து போனான். துரை குனிந்தார். சடையனின் முழங்காலை முகர்ந்தார். எழுந்து பத்துச்சீட்டு எழுதினார். மூன்று நாளில் லயத்துக் காம்பராவை, அதாவது இருக்கும் அறையை, காலி பண்ண வேண்டும்.

அடைமழை. வண்டிப்பாதை சரிந்து கிடந்தது. பசறை வரைக்கும் நடந்துதான் போக வேண்டும், அதுவும் நிறைமாதக்காரியோடு. தேயிலையைக் கெடுத்தவன் என்று சீட்டில் எழுதியிருந்தால் பக்கத்துத் தோட்டம் எதுவும் சேர்க்காது. சடையன் என்னிடம் வந்து, "நெசமாவே நாந்தான் கெடுத்துட்டேனா அண்ணே? தேச்சுக்கிட்டு காலக் கழுவிட்டுத்தானே உள்ள போவேன்" என்று கேட்டான். அவன் துரையைத் திட்டவில்லை. தன்னையே சந்தேகப்பட்டான்.

அவன் போனதும் வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. உளியால் ஒரு சிராய் எடுத்து முகர்ந்தேன். கோயில் மூலஸ்தானம் போல மணத்தது. மரம் குடித்திருந்தது. அந்த அறையின் ஈரத்தில் குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் டீமேக்கர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"முத்துசாமி, வாய மூடிக்கிட்டு இரு. வண்டி வெளிய போனது தெரிஞ்சா ஒன் வேலையும் போகும், என் வேலையும் போகும். நாளைக்கே திருவிழாவயும் நிப்பாட்டிருவாரு. ஒரு சடையன் போனா இன்னொருத்தன் வந்து தள்ளுவான்."

"அந்த இன்னொருத்தன் வந்தாலும் வாட இருக்கும்ங்க. சக்கரம் அங்கேயேதான இருக்கு."

"அப்ப ராவோட ராவா சக்கரத்த மாத்திரு."

"மாத்திருவேன். சடையன் போன பெறகு வாட நின்னுச்சுன்னா, அவந்தான் கெடுத்தான்னு ஆயிரும்ங்களே."

நான் கேட்டது ஒன்றே ஒன்று: மறுநாள் முதல் உருட்டில் மூன்று கைப்பிடிக் கொழுந்து. பயந்துகொண்டே கொடுத்தார்.

மூன்று தட்டு எடுத்தேன். மூன்றிலும் ஒரே கனத்துக்குக் கொழுந்தைப் பரப்பினேன். ஒன்றைத் தனியாகச் சாமான் அறையில் ஈரச் சாக்கு மூடி வைத்தேன். இரண்டாவதை என் பட்டறைக் கொட்டிலில் வைத்து, பக்கத்தில் சடையனை உட்கார வைத்தேன். முழங்காலில் எப்போதும் போல எண்ணெய் தேய்த்து, எப்போதும் போலக் கழுவிக்கொண்டு வந்தான். கொழுந்து செம்பு நிறமாகும்வரை அசையாமல் இருந்தான். மூன்றாவது தட்டைப் பலாச் சக்கரத்தின் மேலேயே வைத்து அதே ஈரச் சாக்கால் மூடினேன். மூன்றையும் தனித்தனியாக அடுப்பில் காய வைத்தோம். மறுநாள் காலை துரையின் மேசையில் தினசரிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இந்த மூன்றையும் டீமேக்கர் ஐயாவே ஊற்றி வைத்தார். வேலை போகலாம் என்று தெரிந்தும் ஊற்றினார். அதை மறுக்க மாட்டேன்.

துரை முதல் கோப்பையை உறிஞ்சித் துப்பினார். இரண்டாவது, அதாவது சடையன் காவலிருந்தது. அதையும் துப்பினார். மூன்றாவதில் முகம் சுளித்தார்.

"இந்த ரெண்டும் சரி. இது கெட்டது. அந்த மருந்து."

நான் துணியில் சுற்றியிருந்த பலாச் சக்கரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "கெட்டது இதுங்க தொரை. சடையன் முழங்கால் ரெண்டாவது கோப்பைக்குப் பக்கத்துல இருந்துச்சு. அது சரின்னு நீங்களே சொன்னீங்க."

சிராயை முகர்ந்து பார்த்தார். "கற்பூரம் எப்படி வந்தது?"

"அம்மன் சப்பரம் ஒடஞ்சிருச்சு. வண்டிய நாந்தான் குடுத்தேன்."

"கேட்டாயா?"

"கேக்கலங்க. கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க."

அவர் சுவரைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். டீமேக்கர் ஐயா பின்னால் நின்று என் சட்டையை இழுத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பலாமரத்தைத் தேர்ந்தெடுத்தது என் பிழை. அதை அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஈர அறைக்குக் குடிக்கிற மரத்தைக் கொண்டுபோனவன் ஃபிட்டர் இல்லை, முட்டாள். ஆனால் அம்மனுக்கு வண்டி கொடுத்தது பிழை இல்லை. வருஷம் முழுக்கத் துரைக்குத் தள்ளுகிற ஜனங்கள் ஒரு நாள் தங்கள் தாய்க்குத் தள்ளினார்கள். அதற்கு நான் எதற்குக் கை கட்ட வேண்டும்?

துரை சடையனின் சீட்டைக் கிழித்தார். புதுச் சீட்டு ஒன்றில் என் பெயரை எழுதினார். நியாயமான மனிதர்தான். அளந்து வைத்த நியாயம்.

மழையில் நான் பசறைக்கு நடந்தேன். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, உளிப்பெட்டி மட்டும்தான். சடையன் நொண்டிக்கொண்டே ஒரு மைல் கூட வந்தான். திரும்பிப் போகச் சொல்லித் திட்டினேன். "திட்டுங்கண்ணே, காதுல வாங்கிக்கிட்டே வர்றேன்" என்றான்.

கொஸ்லந்தப் பக்கத்தில் ஒரு துரை சீட்டைப் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார். சக்கரம் என்னை விடவில்லை. எதையும் குடிக்காததும் துருப் பிடிக்காததும் எது என்று யோசித்தால் அது எங்கள் கண்முன்னாலேயே இருந்தது. உருட்டு மெஷினில் பதித்திருக்கும் பித்தளைக் கட்டைகள். தினமும் கொழுந்துச் சாற்றில் நனைகின்றன, இலை கறுப்பதில்லை. தேய்ந்து கழித்துப் போட்ட கட்டைகளை உருக்கி, மணலில் அச்சுப் பிடித்துச் சக்கரம் வார்த்தேன். அச்சும் பித்தளை. கொழுப்புக்குப் பதில் என்ன போடுவது என்பதில்தான் நாலு மாதம் போனது. கடைசியில் மொனராகலைப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த பாலைமரத்தில் உள்ளங்கை அளவுக் குழல் கடைந்து, தண்ணீரில் வேகவைத்து, சக்கரத்தின் நடுவில் இறுக்கினேன். இரும்பு போன்ற மரம்; தண்ணீர் பட்டால் வழுக்கும். தரையில் நிற்கும் ஈரமே அதற்கு எண்ணெய். குறையும் உண்டு. பித்தளையைத் தினமும் சாம்பல் போட்டுத் தேய்க்காவிட்டால் பச்சை பூக்கும். குத்துவிளக்குத் தேய்க்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு வேலையா?

இரண்டு வருஷம் கழித்துப் பழைய துரையிடமிருந்து ஆள் வந்தது. என்னை அனுப்பிய பிறகு மறுபடி இரும்புச் சக்கரம் மாட்டி, மறுபடி துருவில் மாட்டிக்கொண்டிருந்தார். பித்தளைச் சக்கரம் செய்து தர வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

போனேன். அதே மேசை, அதே எச்சில் பானை. துரை என் கைகளைப் பார்த்து, "எத்தனை நாள்?" என்றார்.

"ஒரு மாசம் ஆகும்ங்க. ஆனா ஒன்னு இருக்கு. வருசத்துல ஒரு நாள் வண்டி அம்மனுக்குப் போகணும். நீங்க சரின்னு எழுதிக் குடுக்கணும்."

டீமேக்கர் ஐயாவுக்கு இருமல் வந்துவிட்டது. துரை முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பூனைக் கண் என்று அன்றுதான் தெரியும்.

"திரும்ப மணம் வரும்."

"வராதுங்க. வந்தா நீங்க எழுத வேணாம், நானே சீட்டு எழுதிக்கிட்டுப் போறேன்."

ஒரு காகிதத்தை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்னும் என் உளிப்பெட்டியில் இருக்கிறது.

திருவிழா வந்தது. பித்தளைச் சக்கரத்தில் அம்மன் எட்டு லயமும் போனாள். நான் யாரையும் தடுக்கவில்லை. இன்னும் ரெண்டு கட்டி கற்பூரம் வையுங்கள் என்றேன். செல்லாயி இடுப்பில் பிள்ளையோடு வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். முடிந்ததும் கொதிநீர் ஊற்றி, சாம்பலால் தேய்த்து, அதுவும் மரம்தானே என்று பாலைக் குழலை மட்டும் தட்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். மறுநாள் காலை சடையன் வண்டியைப் புளிக்க வைக்கும் அறையில் கொண்டுபோய் நிறுத்தினான். முழங்கால் வீக்கம் அப்போது குறையத் தொடங்கவில்லை. ஆனால் அதை அவன் வண்டிக்கு முட்டுக்கொடுக்கவில்லை.

துரை வந்தார். பன்னிரண்டு தரம் பூட்ஸைத் தேய்த்தார். அறையின் நடுவே நின்று முகர்ந்தார். அது போதவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். கடைசியில் கைக்குட்டையை ஈரத் தரையில் விரித்து, முட்டி போட்டு, குனிந்து, மூக்குச் சக்கரத்தில் படும்வரை தலையைத் தாழ்த்தினார். நாலு சக்கரத்துக்கும் அப்படியே. எழுந்தபோது சட்டைக் கையெல்லாம் ஈரம். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வாசலைத் தாண்டும்வரை சடையன் குனிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பிறகு என் காதில், "அண்ணே, நம்ம லயத்துல யாருமே நாலு தரம் விழுந்து கும்பிடலண்ணே" என்றான்.

அன்று சாயங்காலத்துக்குள் எட்டு லயத்துக்கும் சேதி போய்விட்டது.

ஹல்துமுல்லை டீமேக்கர் அவர்களே, நீங்கள் கேட்ட காரணம் இதுதான். உங்கள் ரப்பர் சக்கரத்தை நான் குறை சொல்லவில்லை. பாதையில் ஓடட்டும், சாக்கு மூட்டை சுமக்கட்டும். ஆனால் புளிக்க வைக்கும் அறைக்குள் விடுமுன் அதை ஒரு நாள் அம்மனோடு அனுப்புங்கள். கற்பூரம் ஏறட்டும், எண்ணெய் வழியட்டும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, ஈர அறையில் பூட்டி, மறுநாள் திறந்து முகர்ந்து பாருங்கள். நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. முட்டி போட வேண்டும். துரையே போட்டார், நீங்களும் போடலாம்.